நாலு தந்தி பேஸில் பி வரை இறக்க வேண்டும்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். எங்கள் சின்ன இசைக்குழுவில் நாலு தந்தி பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். தடித்த ஈ தந்தியை டி சுரத்துக்கு இறக்கினால், அதாவது 41 ஹேர்ட்ஸிலிருந்து 37 அளவுக்கு, சிக்கல் இல்லை. ஆனால் எங்கள் பாடகருக்குக் கீழ் பி வேண்டுமாம். அதே தந்தியைத் தளர்த்திப் பார்த்தேன். துணி காயப்போடும் கொடி மாதிரித் தொய்ந்து ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்குக் கம்பிகளில், கடகடக்கிறது.

ஐந்து தந்தி செட் வாங்கி, ஜி-யை விட்டு, பி, ஈ, ஏ, டி என்று போடலாம்தான். ஆனால் அந்த 130 கேஜ் (0.130 அங்குலத் தடிப்பு) பி தந்தி என் நட்டின், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் சிறு கட்டையின், வெட்டில் இறங்காது. அரத்தால் அகலமாக்கினால் பிறகு பழைய தந்திக்குத் திரும்ப முடியுமா? கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் கம்பியையும் திருக வேண்டி வருமா? திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ இந்த வேலை தெரிந்த ஆக்கள் இருந்தால் சொல்லுங்கள். கொழும்பு பஸ்ஸில் பேஸைத் தூக்கிக்கொண்டு போக மனமில்லை.