தீயில் சாகும் செடிக்குத் தீ எதற்கு? டைசெராண்ட்ரா ஃப்ருடெசென்ஸ்

மணற்புதர் (கேள்வி):
புளோரிடாவில் ஹைலண்ட்ஸ் கவுன்டியின் லேக் வேல்ஸ் மணல்மேட்டில் வளரும் புதினாக் குடும்பச் செடி இது. 1985 முதல் அமெரிக்க அரசின் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. தீ பட்டால் செத்துவிடும், அடியிலிருந்து துளிர்க்காது. அப்படியிருக்க, இதைக் காப்பாற்றவே புதர்க்காட்டை எரிக்கிறார்கள். 20 வருஷமாகத் தீ படாத இடத்தில் சில செடிகள் மிஞ்சியிருந்தால் எரிப்பது சரியா? கிளைத்துண்டை வெட்டி வேர்பிடிக்க வைத்து (கட்டிங் போட்டு) நட்டால் போதாதா? இதைப் போலவே இருக்கும் நெருங்கிய உறவான டைசெராண்ட்ரா கிறிஸ்ட்மனி இனத்திலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?

விதைவங்கி:
தாய்ச்செடி சாகும், மண்ணுக்குள் கிடக்கும் விதை சாகாது. எரிந்த பிறகு முளைப்பவை அந்த விதைகள்தான். புளோரிடாவில் உள்ள ஆர்ச்போல்ட் உயிரியல் ஆய்வு நிலையத்தில் பல ஆண்டுகள் செடி செடியாகக் கணக்கெடுத்துப் பார்த்ததில், ஏறக்குறைய 6 முதல் 12 வருஷ இடைவெளியில் தீ வந்தால் இந்த இனம் நீடித்து நிற்கும் என்று தெரிந்தது. அதைத் தாண்டினால் ஓக் புதர்கள் நெருங்கி, சருகு மணலை மூடிவிடும். இதன் நாற்றுக்கு வெயில் படும் வெற்று மணல் வேண்டும். மணல் பாதை ஓரங்களில் இது செழிப்பாக நிற்பதும் அதனால்தான்.

அடிக்கடி எரித்தாலும் ஆபத்துதான். புது நாற்றுகள் பூத்து விதை கொட்டுவதற்குள் அடுத்த தீ வந்தால், மண்ணில் இருந்த விதை இருப்பும் தீர்ந்துவிடும்.

நீங்கள் சொல்லும் இடத்தை ஒரே மூச்சில் எரிக்காதீர்கள். செடி குறைந்திருந்தால் விதையும் குறைந்திருக்கும். ஒரு பகுதியை மட்டும் எரித்து, நாற்று வந்து விதை கொட்டிய பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள். மீதியில் ஓக் கிளைகளைக் கையால் வெட்டி வெளியே இழுத்துப்போட்டு, சருகை வாரி மணலைத் திறந்துவிடுங்கள். வெட்டியதை அங்கேயே குவித்தால் வேலை வீண். பூப்பது ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. பூக்கும் முன்னோ, விதை கொட்டும் முன்னோ எரித்தால் அந்த வருஷ விதை முழுக்கப் போய்விடும்.

நாற்றங்கால்:
கட்டிங் வேர் பிடிக்கும், ஆனால் அது தீக்கு மாற்று இல்லை. பூ மொட்டு இல்லாத இளம் நுனியாக, ஒரு விரல் நீளம் எடுங்கள். முற்றிய கட்டைப் பகுதி சரிவராது. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, கரடு மணலும் பெர்லைட்டும் (நீர் தேங்காமல் வடியச் சேர்க்கும் லேசான வெள்ளைத் துகள்) கலந்த தட்டில் செருகுங்கள். காற்றில் ஈரம் வேண்டும், தட்டில் தண்ணீர் தேங்கக்கூடாது. அழுகல் ஆரம்பிப்பது தண்டின் அடியில்தான். அங்கே கறுத்தால் அந்தக் கட்டிங்கை உடனே எடுத்துவிடுங்கள்.

ஒரே செடியிலிருந்து நூறு கட்டிங் எடுத்தால் கிடைப்பது ஒரே செடியின் நூறு நகல். பல தாய்ச்செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எது எந்தச் செடியின் கட்டிங் என்று தட்டிலேயே சீட்டுச் செருகுங்கள். நட்டவை பிழைத்தால் மட்டும் போதாது, அவற்றின் விதையில் நாற்று வரவேண்டும். நிழலில் நட்டால் அது நடக்காது.

புளோரிடாச் சட்டப்படி நில உரிமையாளரின் எழுத்து மூல ஒப்புதலும் மாநில அனுமதியும் இல்லாமல் ஒரு கிளைகூட எடுக்கக்கூடாது.

மகரந்தம்:
பிரித்தறியப் பூவைப் பாருங்கள். ஃப்ருடெசென்ஸில் மகரந்தப்பை ஊதா, கிறிஸ்ட்மனியில் பளிச்சென்ற மஞ்சள். கசக்கினால் கிறிஸ்ட்மனியில் யூகலிப்டஸ் வாடை வரும். 1989 வரை இரண்டையும் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள்.

மகரந்தப்பையின் நுனியில் சின்னக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். பூச்சி அதில் இடித்தால்தான் மகரந்தம் கொட்டும். ஃப்ருடெசென்ஸுக்கு முக்கியமாக வருவது எக்ஸோப்ரோசோபா ஃபேசியாட்டா என்ற ஈ. ஆகவே செடியை மட்டும் எண்ணாமல், பூக்கும் காலத்தில் இந்த ஈ வருகிறதா என்றும் பாருங்கள்.

இலையில் உள்ள நுண்பைகளில் டிரான்ஸ்-புலெகால் (trans-pulegol) என்ற வேதிப்பொருள் இருக்கிறது; இலை கிழிந்தால் அது வெளிப்பட்டு எறும்பை விரட்டும். 1990இல் பூச்சியியல் அறிஞர் தாமஸ் ஐஸ்னரின் குழு காட்டியது இது. ஆனாலும் பைராஸ்டா அந்துப்பூச்சியின் புழு இந்த இலையையே தின்று வளர்கிறது. நாற்றங்கால் தட்டில் அந்தப் புழுவைப் பார்த்தால் கையால் எடுங்கள், மருந்து தெளிக்க வேண்டாம்.