மறு: "ஸ்கேல் மாறாமல் கொண்டுபோதல்" – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> கட்டட வரைபடத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்கேல் மாறாமல் கொண்டுபோவதை "அளவுகோல் காப்பு" எனலாமா?

இந்தப் பரிந்துரையில் எனக்குத் தயக்கம் உண்டு. அளவுகோல் என்றதும் கையில் பிடிக்கும் அடிக்கோலே முதலில் நினைவுக்கு வருகிறது என்பது சிறிய குறை. கெட்டுப்போவது எது என்பதையே அச்சொல் தவறாகக் காட்டுகிறது என்பதுதான் பெரிய குறை.

ஆட்டோகேட் போன்ற வரைவு மென்பொருள்களில் கட்டடத்தை ஒன்றுக்கு ஒன்று என்ற முழு அளவிலேயே வரைகிறோம்; 1:100 என்ற விகிதம் தாளில் அமைக்கும்போதுதான் வருகிறது. ஐந்து மீட்டர்ச் சுவரை மில்லிமீட்டரில் வரைந்தால் கோப்பில் பதிவாவது 5000 என்ற வெற்று எண். அது எந்த அலகில் உள்ளது என்பதைக் கோப்பின் தலைப்பகுதியில் உள்ள இன்ஸ்யூனிட்ஸ் என்னும் தனி மாறி சொல்கிறது: 1 என்றால் அங்குலம், 4 என்றால் மில்லிமீட்டர், 6 என்றால் மீட்டர், 0 என்றால் அலகு குறிக்கப்படவில்லை. பெறும் மென்பொருள் அதைப் படிக்காமல் அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் சுவர் 127 மீட்டர் ஆகிவிடும். லேசர் வெட்டுக்காரர்கள் கேட்கிறார்களே என்று டிஎக்ஸ்எஃப் கோப்பாக (மென்பொருள்களுக்கிடையே வரைபடத்தைப் பரிமாறும் கோப்பு வகை), அதன் பழைய ஆர்12 பதிப்பு வடிவில் சேமித்தால் இந்த மாறிக்கே அதில் இடமில்லை. ஆக, நாம் "ஸ்கேல் போய்விட்டது" என்று புலம்பும்போது விகிதம் எங்கும் போகவில்லை; போனது அலகு.

எனவே மூன்று பொருள்களுக்கு மூன்று சொற்கள் வேண்டும் என்பது என் கருத்து. தாளின் விகிதத்துக்குப் பள்ளிப் புவியியலில் ஏற்கெனவே பழகிய "அளவை" போதும். இலங்கை நண்பர்கள் "அளவுத்திட்டம்" என்பார்கள், அதுவும் நன்று. கட்டடத்தின் உண்மையான நீள அகலத்துக்கு "மெய்யளவு" என்பதை முன்வைக்கிறேன். அலகு தொலைவதை "அலகிழப்பு" என்றும், இன்ஸ்யூனிட்ஸ் 0 ஆக உள்ள கோப்பை "அலகிலிக் கோப்பு" என்றும் சொல்லலாம். (அலகிலா என்றால் அளவிறந்தது என்று பழைய தமிழில் பொருள், 127 மீட்டர்ச் சுவரைப் பார்த்தவர்களுக்கு அதுவும் பொருத்தமாகவே படும்.) மெய் என்பது உடம்பையும் குறிப்பதால் தையற்கடை அளவு போல ஒலிக்கிறது என்று யாரேனும் மறுக்கலாம், மெய்யெண் என்ற கணிதச்சொல் அந்தக் குழப்பமின்றி நிலைத்துவிட்டதால் நான் அஞ்சவில்லை.

அப்படியானால் "அலகு காத்தல்" என்றே முடித்துவிடலாமே என்று கேட்டால், அலகு சரியாக இருந்தும் அளவு பிழைக்கும் இடங்கள் உண்டு. இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருள் 2017இல் வந்த 0.92 பதிப்பில் ஓர் அங்குலத்துக்கு 90 படப்புள்ளிகள் (பிக்சல்) என்ற கணக்கை 96 என்று மாற்றியது. நீள அகலத்தைப் படப்புள்ளிகளில் மட்டுமே குறித்த பழைய கோப்பைத் திருத்தாமல் திறந்தால், 1:100 அளவையில் 50 மில்லிமீட்டராக இருந்த சுவர் ஏறத்தாழ 46.9 மில்லிமீட்டராகச் சுருங்கும். ஐந்து மீட்டர் 127 ஆகிவிடும் இருபத்தைந்து மடங்குப் பிழை கண்ணில் உடனே படும். ஆறு விழுக்காட்டுப் பிழையோ அச்சிட்ட தாளில் கோல் வைத்துப் பார்க்கும்வரை தெரியாது. இவ்விரண்டையும் ஒருசேரத் தழுவும் பெயராக "மெய்யளவு காத்தல்" என்பதையே நான் விரும்புகிறேன்.

பயன்பாட்டில் இப்படி அமையும்: "இறக்குமதி செய்தபின் தெரிந்த நீளமுள்ள ஒரு சுவரை அளந்து மெய்யளவு காக்கப்பட்டதா என்று சரிபார்க்கவும், கோப்பு அலகிலியாக இருந்தால் அலகைக் கையால் தேர்ந்தெடுக்கவும்." மென்பொருள் பட்டியலில் இடம் குறைவு என்பதால் பொத்தானுக்கு "மெய்யளவில் இறக்கு" என்று வைக்கலாம். "இறக்கு" என்பது பதிவிறக்கத்தோடு மயங்குமோ என்ற ஐயம் மட்டும் எனக்கு இருக்கிறது. அதற்கு வேறு வினை தோன்றினால் எழுதுங்கள்.