டேலியில் கணக்கு சரி, லாபம் மட்டும் காணோம்

கேள்வி: ஹார்டுவேர் கடை. பில் போடுபவரே பணம் வாங்கி, இரவில் டேலி கணக்கு மென்பொருளிலும் ஏற்றுகிறார். கல்லா தினமும் பைசா பிசகாமல் பொருந்துகிறது. லாபம் மட்டும் குறைகிறது. இன்னொரு ஆள் வைக்க வசதியில்லை. எங்கே பார்ப்பது?

பதில் 1: தினமும் பைசா பிசகாமல் பொருந்துவதே சந்தேகம்தான் சார். பணம் வாங்கியபின் பில்லை ரத்து செய்தாலோ, தள்ளுபடியைக் கூட்டினாலோ கல்லா பொருந்தும், சரக்குதான் குறையும். டேலி பிரைமில் Edit Log வசதியைப் போடுங்கள், எந்தப் பதிவை யார் மாற்றினார் என்று அதில் தெரியும். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும். ரத்து, கிரெடிட் நோட் (போட்ட பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) இரண்டுக்கும் உங்கள் கையெழுத்து வேண்டும். இரவில் கல்லாவை நீங்களே எண்ணி 500, 200, 100 என்று எழுதிவிட்டு, அப்புறம் டேலி தொகையைப் பாருங்கள். முதலில் பார்த்தால் எண்ணிக்கை தானாக அதற்கு வந்து நிற்கும்!

பதில் 2: கவுண்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் உங்கள் கணக்குக்குத்தான் போகிறதா? ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். குடோன் முழுக்க எண்ண வேண்டாம். ஒயர் காயில், பித்தளைக் குழாய் மாதிரி சின்னதும் விலை கூடியதுமான பத்து அயிட்டத்தை வாரம் ஒருமுறை, நாள் சொல்லாமல் எண்ணுங்கள்.

பதில் 3: செலவு வவுச்சரையும் பாருங்கண்ணே, இல்லாத செலவை எழுதினாலும் கல்லா பொருந்தும். வரிக்காகவும் பார்க்க வேண்டும்: ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் பொதுவாக அதைச் செலவாக ஏற்கமாட்டார்கள். லாரி வாடகைக்கு வரம்பு 35,000.