வயசு 23, எந்த வேலை மேலயும் ஆசையே வரல, எங்க இருந்து ஆரம்பிக்கறது?

ராத்திரிப்பறவை:
எல்லாருக்கும் வணக்கம். டிகிரி முடிச்சு ரெண்டு வருஷம் ஆகப்போகுது. நடுவுல ஒரு எடத்துல நாலு மாசம் டேட்டா என்ட்ரி பாத்தேன், பிடிக்கல, விட்டுட்டேன். அதுக்கப்புறம் வீடுதான். படிச்ச படிப்பு மேலயும் இன்ட்ரஸ்ட் இல்ல, வேற எது மேலயும் இல்ல, கூடப் படிச்சவங்க எல்லாம் எனக்கு இதுதான் பேஷன்னு சொல்றப்ப எனக்கு மட்டும் உள்ள ஏதோ இல்லாமப் போச்சோன்னு தோணுது. தினமும் லேப்டாப்ப தொறந்து ரெஸ்யூம் ஃபைல எடுப்பேன், மேல 'குறிக்கோள்'னு ஒரு தலைப்பு இருக்கு, அதுக்குக் கீழ எழுத ஒண்ணும் வராது, கர்சர் மட்டும் துடிச்சுட்டே இருக்கும், அரை மணி நேரத்துல மூடிட்டு போன எடுத்துடுவேன். தூங்கறப்ப விடியக்காலை நாலு மணி, எழுந்திரிக்கறப்ப மத்தியானம். அப்பா முன்னாடி திட்டுவாரு, இப்ப திட்டறது கூட இல்ல, அதுதான் ரொம்ப கஷ்டமா இருக்கு. இதுல இருந்து வெளிய வந்தவங்க யாராவது இருந்தா, முதல்ல என்ன பண்ணீங்கன்னு மட்டும் சொல்லுங்க.

நடைவண்டி:
தம்பி, 24 வயசு வரைக்கும் நானும் இப்படித்தான் இருந்தேன். ஆசை வந்ததும் வேலை தேடலாம்னு காத்திருந்தேன், அது வரவே இல்ல. கடைசில தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லி ஒரு குடோன்ல ஸ்டாக் எண்ற வேலைக்குப் போனேன், பிடிச்சுப் போகல, வீட்ல உக்காந்திருக்க முடியாமத்தான் போனேன். கைல ஸ்கேனர், ராக் ராக்கா போய் பார்கோட் அடிக்கணும், அவ்வளவுதான். மூணாவது வாரம் ஒரு ராக்ல சிஸ்டம் 40 பெட்டின்னு காட்டுது, எண்ணினா 37. மறுநாளும் 37. யாரும் கேக்கல, எனக்குத்தான் அது மண்டைக்குள்ள கொடஞ்சுட்டே இருந்தது. தேடித்தேடி பாத்தா, டேமேஜ்னு திரும்பி வந்த மூணு பெட்டிய என்ட்ரி போடாம கதவோரமா ஒதுக்கி வச்சிருக்காங்க. ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி சூப்பர்வைசர்கிட்ட குடுத்தேன், அடுத்த வாரத்துல இருந்து கணக்கு இடிக்கற ராக் எல்லாம் என்கிட்டயே வர ஆரம்பிச்சுது. அதுக்காகத்தான் எக்செல்ல விலுக்கப் (VLOOKUP), பிவட் டேபிள்னு கணக்கத் தேடி எடுக்கற, தொகுக்கற வழியெல்லாம் கத்துக்கிட்டேன், இல்லன்னா ஜென்மத்துக்கும் கத்துக்கிட்டிருக்க மாட்டேன். இப்ப இன்வென்ட்டரி பிளானிங்ல, அதாவது எந்தச் சரக்க எவ்வளவு வச்சிருக்கணும்னு திட்டம் போடற வேலைல இருக்கேன், பிடிச்சுத்தான் செய்யறேன். ஆனா அந்தப் பிடித்தம் கை பழகினதுக்கு அப்புறம்தான் வந்தது. உனக்கு உள்ள ஒண்ணும் மிஸ்ஸிங் இல்ல தம்பி.

வெயில்நிழல்:
நான் ரெக்ரூட்மென்ட்ல வேலை பாக்கறேன். முதல்ல அந்தக் குறிக்கோள் பகுதியையே டெலீட் பண்ணுங்க, புதுசா வர்றவங்க ரெஸ்யூம்ல அத நாங்க படிக்கறதே அபூர்வம். அந்த எடத்துல என்ன செய்யத் தெரியும்னு ரெண்டு வரி போடுங்க. நாலு மாச வேலைய மறைக்காதீங்க, தினமும் எத்தனை ரெக்கார்டு போட்டீங்க, தப்ப எப்படிக் கண்டுபிடிச்சு திருத்தினீங்க, அத எழுதுங்க. வேலை இல்லாம இருந்த கேப் பத்தி கேட்டா ஒரே வாக்கியத்துல உண்மையச் சொல்லிட்டு இப்ப என்ன கத்துக்கறீங்கங்கறதுக்கு வந்துடுங்க, சுத்தி வளைக்கறப்பதான் எங்களுக்கு சந்தேகம் வரும்.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். 1973-ல மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர் எழுதின கட்டுரை ரொம்பப் பிரபலம், வேலை பத்தின தகவல் நெருங்கின நண்பர்களை விட லேசாப் பழக்கமானவங்க மூலமாத்தான் அதிகம் கிடைக்குதுன்னு. காரணம் சிம்பிள், நெருங்கினவங்களுக்குத் தெரிஞ்சது உங்களுக்கும் ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும். 2022-ல லிங்க்ட்இன்ல 2 கோடி பேருக்கும் மேல வச்சு பாத்த ஆய்வுலயும் இதே மாதிரிதான் வந்தது. அதனால பழைய சீனியர், எப்பவோ ஒரு ப்ராஜெக்ட்ல கூட இருந்தவர், இப்படி வாரத்துக்கு அஞ்சு பேருக்கு மெசேஜ் போடுங்க. வேலை வாங்கிக் குடுங்கன்னு கேக்காதீங்க, அவங்க வேலைல ஒரு நாள் எப்படிப் போகும்னு பத்து நிமிஷம் பேச முடியுமான்னு கேளுங்க. தயங்காதீங்க, நிறைய பேர் சந்தோஷமாப் பேசுவாங்க.

கரைசேர்ந்தவன்:
நடைவண்டி அண்ணா சொன்னதுல ஒரு சின்ன மாற்றுக் கருத்து. கிடைச்சதுல ஏறிடுன்னு எல்லாத்துக்கும் சொல்ல முடியாது. நான் அப்படித்தான் ஒரு நைட் ஷிப்ட் டெலிகாலிங்ல சேர்ந்தேன், டார்கெட், திட்டு, ரெண்டு காலுக்கு நடுவுல தண்ணி குடிக்கக்கூட நேரம் இல்ல. எட்டு மாசத்துல போன் ரிங் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும். ப்ரோ, சேர்றதுக்கு முன்னாடி முதல் மாசம் யார் சொல்லித் தருவாங்க, இதுக்கு முன்னாடி இருந்தவர் ஏன் போனார், இந்த ரெண்டையும் கேட்டுடு. பதில் சொல்ல மழுப்பினா வேண்டாம்.

மழைக்காலம்:
எல்லாரும் வேலைய பத்தியே பேசறீங்க, எனக்கு அந்தத் தூக்கம்தான் கவலையா இருக்கு. முன்னாடி பிடிச்ச விஷயங்கள் கூட இப்ப பிடிக்கலையா? ரெண்டு வாரத்துக்கு மேல கிட்டத்தட்ட தினமும் அப்படி இருந்தா அது டிப்ரஷனா இருக்கலாம், டாக்டர பாத்துடுங்க, அதுக்கும் சோம்பேறித்தனத்துக்கும் சம்பந்தம் இல்ல. ரத்தசோகை, தைராய்டு கோளாறு இருந்தாலும் இப்படித்தான் அசதியா இருக்கும், ஒரு ரத்தப் பரிசோதனைல தெரிஞ்சுடும். என் தங்கச்சிக்கு தைராய்டுதான், ஒரு வருஷம் நாங்க எல்லாரும் அவள சும்மா திட்டிட்டிருந்தோம், இப்ப நெனச்சாலும் மனசு ஆறல. டிப்ரஷனுக்கான சிகிச்சைல கூட, மனசு சரியாகட்டும்னு காத்திருக்காம சின்னச் சின்ன செயல நேரம் குறிச்சு செய்ய வைக்கற ஒரு முறை இருக்கு, 1970-கள்ல பீட்டர் லூயின்சன் மாதிரியான உளவியலாளர்கள் உருவாக்கினது. தூக்கத்துக்கு, படுக்கற நேரத்தோட மல்லுக்கட்டாதீங்க. எழுந்திரிக்கற நேரத்த மட்டும் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி கொண்டுவந்து அப்படியே நிறுத்துங்க, எழுந்ததும் வெளிச்சத்துல போய் நில்லுங்க, உடம்புக்குள்ள இருக்கற கடிகாரம் காலை வெளிச்சத்துல முன்னாடி நகரும்.

ராத்திரிப்பறவை:
இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல, ரொம்ப நன்றி. மழைக்காலம் அக்கா, முன்னாடி டிராயிங் பண்ணுவேன், இப்ப நோட்ட தொறந்தே பல மாசம் ஆச்சு, நீங்க கேட்டப்பதான் உறைச்சுது. வியாழக்கிழமைக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன், அப்பாகிட்டயும் சொன்னேன், நானும் வரேன்னாரு. குறிக்கோள டெலீட் பண்ணிட்டேன். ரெண்டு சீனியருக்கு மெசேஜ் போட்டேன், ஒருத்தர் ஞாயித்துக்கிழமை பேசலாம்னு சொல்லியிருக்காரு. வெயில்நிழல் அக்கா, அவர்கிட்ட முதல்ல என்ன கேக்கட்டும்?

வெயில்நிழல்:
நேத்து ஆபீஸ்ல காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் என்னென்ன செஞ்சீங்கன்னு கேளுங்க. நடுவுல பேசாம கேட்டுட்டே இருங்க, எந்த எடத்துல உங்களுக்கு இன்னொரு கேள்வி கேக்கணும்னு தோணுதோ அத மட்டும் குறிச்சு வச்சுட்டு வந்து இங்க எழுதுங்க.