‘சிக் பில்டிங் சிண்ட்ரோம்’: கட்டடஞ்சார் நலிவு எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பணியிட நலக் கையேட்டின் மொழிபெயர்ப்பு ‘சிக் பில்டிங் சிண்ட்ரோம்’ என்ற இந்த ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டதால், இதுவரை வந்த மடல்கள் அனைத்தையும் மறுபடி படித்துவிட்டு எழுதுகிறேன். நம் முன் இருக்கும் பரிந்துரைகள் நான்கு: நோயுற்ற கட்டடக் கூட்டறிகுறி, கட்டட ஒவ்வாமை, அகவளி நலிவு, கட்டட நலிவு. நான்கிலும் ஏதோ ஒரு பாதி சரியாக இருக்கிறது. ஆனால் நாம் ஆங்கிலச் சொல்லைப் பார்த்த அளவுக்கு, அது சுட்டும் நிலையைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நிலை இதுதான். ஒரு கட்டடத்துக்குள் சில மணி நேரம் இருப்பவர்களுள் பலருக்குத் தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி, மூக்கடைப்பு, தோல் அரிப்பு, அசதி ஆகியவை வருகின்றன. மாலையில் வெளியே வந்தால் தணிகின்றன. மறுநாள் உள்ளே போனால் திரும்புகின்றன. மருத்துவர் சோதித்துப் பார்த்தால் இன்ன நோய் என்று சொல்வதற்கு ஒன்றும் அகப்படுவதில்லை. உலக நலவாழ்வு அமைப்பு 1980-களின் தொடக்கத்தில் இதை முறையாக விவரித்தது. அந்தக் காலத்தில் இது பெருகியதற்கு ஒரு பின்னணி உண்டு. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், ஆற்றலைச் சேமிக்க வேண்டி, அமெரிக்காவில் ஆள் ஒருவருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 கன அடியாக இருந்த வெளிக்காற்றின் அளவை 5 கன அடியாகக் குறைத்தார்கள். சன்னல்கள் திறக்க முடியாதவையாயின. ஒட்டுப்பலகையும் தரைவிரிப்பும் பசையும் வெளிவிட்ட ஆவிகள் உள்ளேயே தங்கின. 1989-இல் அந்த அளவு மறுபடி 15-க்கு உயர்த்தப்பட்டது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ‘நோயுற்ற கட்டடம்’ என்பதைப் பேராசிரியர் ஐயா ஆதரித்திருக்கிறார். பணிவுடன் மறுக்கிறேன். ஆங்கிலத்தில் மனிதருக்குரிய அடைமொழியைக் கட்டடத்தின் மேல் ஏற்றிச் சொல்வது அந்த மொழியின் வழக்கு. தமிழில் ‘உற்ற’ என்பது பட்டறிபவரைத் தேடும். நோயை உறுவது உயிர். அவ்வாறு எழுதினால் சுவர் நோயாளியாகிவிடும், தலைவலியோடு வீட்டுக்குப் போகும் பெண் சொல்லிலிருந்தே மறைந்துவிடுவாள்.

‘கட்டட ஒவ்வாமை’ என்பதை விட்டுவிட எனக்கு மனமே இல்லை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நான்காம் தளத்தில் இருந்தவர்கள் அனைவரும் சொன்ன சொற்றொடர் ‘இந்த ஏசி ஒத்துக்கல’ என்பதுதான். அந்தச் சன்னல்களில் ஒன்றைக்கூடத் திறக்க முடியாது. முறையிட்டவர்களுக்குக் கிடைத்த மறுமொழி, தலைவலி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள் என்பது. மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் வினையிலிருந்து பிறந்த கலைச்சொல் எளிதில் நிலைக்கும் என்பதை அறிவேன். ஆயினும் ‘ஒவ்வாமை’ என்பது அலர்ஜிக்கு உரியதாக உறுதிப்பட்டுவிட்டது. அலர்ஜியில் உடலின் தடுப்பாற்றல் குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு எதிராக வினைபுரிகிறது. இங்கே அத்தகைய பொருளைச் சுட்டவே முடிவதில்லை. அதைவிடப் பெரிய கேடு, ‘உனக்குத்தான் ஒவ்வாமை’ என்று பழியைப் பணியாளரின் உடலுக்கே மாற்றிவிட அந்தச் சொல் இடம் கொடுத்துவிடும்.

‘அகவளி நலிவு’, அதாவது உட்காற்றால் வரும் நலிவு, ஒலியால் அழகாக இருக்கிறது. ஆனால் காரணத்தைத் தீர்ப்பாகவே சொல்லிவிடுகிறது. பிரிட்டனில் 46 அலுவலகக் கட்டடங்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளரிடம் நடத்தி 1987-இல் வெளியான ஆய்வில், இயற்கைக் காற்றோட்டம் உள்ள கட்டடங்களைவிடக் குளிரூட்டப்பட்டவற்றில் இந்த அறிகுறிகள் மிகுதியாகக் காணப்பட்டன. இது காற்றின் பக்கம் கைகாட்டுகிறது. ஆனால் 2006-இல், இலண்டன் அரசு அலுவலர்களுள் 44 கட்டடங்களில் பணியாற்றிய நாலாயிரம் பேரைக் கொண்டு செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது: அறையின் வெப்பம், காற்று, ஒளி ஆகியவற்றைவிட, வேலைச் சுமையும் பணியில் போதிய ஆதரவு இல்லாத நிலையும் வலுவாகத் தொடர்புற்றிருந்தன. காரணத்தைப் பற்றி இரண்டு ஆய்வுகள் இரண்டு திசையில் நிற்கும்போது, சொல் ஒரு பக்கம் சாயக் கூடாது. இடத்தை மட்டும் அது சொல்லட்டும்.

‘கட்டட நலிவு’ சொன்ன நண்பர் மிக அருகில் வந்துவிட்டார். ஒரே தடை, பொறியாளர் எவரும் அதைத் தூணும் விட்டமும் வலுவிழத்தல் என்றே படிப்பார். எனவே ‘கட்டடஞ்சார் நலிவு’ என்று முன்மொழிகிறேன். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘கட்டடஞ்சார் உடல்நலிவு’ என விரித்து எழுதலாம். ‘தொழில்சார் நோய்’ நிலைபெற்ற தொடர் என்பதால் ‘சார்’ புதிதாகத் தோன்றாது.

நோய் என்னாமல் நலிவு என்பது ஏன் என்று மருத்துவர் அம்மா கேட்டிருந்தார். இந்தத் துறையிலேயே இரண்டு கருத்தாக்கங்கள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்தாக வேண்டும். காரணம் ஆய்வகத்தில் உறுதியானால் அது கட்டடஞ்சார் நோய். உறுதியாகாத வரை கட்டடஞ்சார் நலிவு. இந்த எல்லை நகரக்கூடியது என்பதற்கு ஒரு நிகழ்வே போதும். 1968 ஜூலையில் மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் நகரில், நலவாழ்வுத் துறையின் கட்டடத்திலேயே, பணியாளரும் வந்துபோனவருமாக 144 பேர் காய்ச்சலும் உடல்வலியுமாகப் படுத்தார்கள். ஒருவரும் இறக்கவில்லை. குளிரூட்டும் அமைப்பின் மேல் ஐயம் விழுந்தது. கிருமி எதுவும் அகப்படவில்லை. பின்னர் 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்கள் நிமோனியாவால் இறந்தார்கள். 1977 சனவரியில் அதற்குக் காரணமான பாக்டீரியா கண்டறியப்பட்டு, பின்னர் லெஜியோனெல்லா எனப் பெயர் பெற்றது. பான்டியாக்கில் எடுத்துச் சேமித்து வைத்திருந்த குருதிநீரை மறுபடி சோதித்தபோது அங்கும் அதுவே காரணம் என்று தெரிந்தது. ஒன்பது ஆண்டுக் காலம் காரணம் தெரியாமல் கிடந்தது ஒரே சோதனையில் நோயாயிற்று. இன்று கட்டடத் தூசியில் இருக்கும் மரபணுக்களை வரிசைப்படுத்திப் பார்த்து, ஆய்வகத் தட்டில் வளராத நுண்ணுயிர்களையும் அடையாளம் காண்கிறார்கள். இன்று நலிவு என்ற பெயரில் இருப்பவற்றுள் சில நாளை நோய் என்ற பெயருக்கு மாறும். அப்படி மாறும்போது சொல்லின் முற்பகுதி அப்படியே இருக்க, பிற்பகுதி மட்டும் மாறுவது எனக்கு நிறைவளிக்கிறது.

‘சிண்ட்ரோம்’ என்பதைக் குறிக்கும் ‘கூட்டறிகுறி’ விடுபடுகிறதே என்றால், விடுபடட்டும். நலிவு என்பது தனி அறிகுறி ஒன்றின் பெயரன்று. பல தளர்ச்சிகளை ஒருங்கே குறிக்கும் சொல். டவுன் நோய்க்கூட்டறிகுறி (டவுன் சிண்ட்ரோம்) போன்ற பிற பெயர்களை இந்த மாற்றம் தொடவில்லை. எழுத்தைப் பற்றி ஒன்று: கட்டப்பட்டது கட்டடம், கட்டுதற்குரிய மனை கட்டிடம் என்ற வேறுபாட்டைக் கையேட்டில் கடைப்பிடிப்போம். மகரம் ஞகரமாவது புணர்ச்சி விதி என்றாலும், ‘கட்டடம்சார்’ என்று தேடுவோருக்கும் கிடைக்கும்படி சொல்லடைவில் இரண்டையும் தரலாம்.

இந்தச் சொல் பசுமைக் கட்டட இயலுக்கும் போகவிருக்கிறது. எனக்கு உள்ளபடியே கவலை அங்கேதான். மின்சாரத்தை மிச்சப்படுத்த இடுக்குகளை அடைக்கிறோம். பிறகு ஸ்பிளிட் ஏசி மாட்டுகிறோம். அது அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்குமே தவிர, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. 1973-க்குப் பின் செய்த பிழையைப் பசுமை என்ற பெயரில் மறுபடி செய்ய இங்கே வாய்ப்பு இருக்கிறது. சன்னலுக்கு நம் முன்னோர் வைத்த பெயர்களுள் ஒன்று காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் குழாய்க்கு அந்தப் பெயரை மீட்டெடுக்கலாமா என்று தனி மடலில் கேட்கிறேன்.

கையேட்டில் வரவிருக்கும் வாக்கியம் ஒன்றைக் கீழே தருகிறேன். படித்துப் பார்த்து எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.

“ஒரே தளத்தில் பணிபுரியும் பலருக்கு, கட்டடத்துக்குள் இருக்கும்போது மட்டும் தலைவலியும் கண் எரிச்சலும் தோன்றி, வெளியேறியபின் தணியுமானால், அது கட்டடஞ்சார் நலிவாக இருக்கக்கூடும் என்று கருதி, ஒவ்வொருவரையும் தனித்தனியே மருத்துவரிடம் அனுப்புவதோடு நில்லாமல், காற்றோட்டத்தையும் பணிச்சுமையையும் நிறுவனம் ஆராய வேண்டும்.”