சி.வி.ஐ. குழந்தைகளுக்கு ஆண்ட்ராய்டில் செயலி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மூளைசார் பார்வைக் குறைபாட்டோடு (சி.வி.ஐ.) பெருமூளை வாதமும் உள்ள 2–4 வயதுக் குழந்தைகளுக்காகக் கேட்கிறோம்.

தேவை இதுதான்: கறுப்புத் திரை, அதில் சிவப்பிலோ மஞ்சளிலோ ஒரே ஒரு உருவம், மெதுவான அசைவு, தொட்டதும் ஒரு ஒலி, பிறகு அமைதி. ஐபேடில் 'டேப்-என்-சீ நவ்' என்ற செயலி இந்த வகை. ஆண்ட்ராய்டில் நாங்கள் பார்த்தவற்றில் பின்னணி முழுக்கப் புல், மேகம், பட்டாம்பூச்சி. அந்த நெரிசலில் இவர்களுக்கு எதுவுமே தனித்துத் தெரியாது. ஓயாத பாட்டு அதைவிட மோசம். காது கொடுக்கும்போது பார்வையை விட்டுவிடும் குழந்தைகள் இவர்கள்.

அடுத்தது கை. உள்ளங்கை திரையில் படிந்திருந்தால் பல செயலிகள் விரல் தொடுவதைக் கண்டுகொள்வதில்லை. ஐபேடில் தொடுதல் நேரத்தை, அதாவது விரல் எவ்வளவு நேரம் பதிந்தால் தொடுதலாக ஏற்கும் என்பதைக் கூட்டினால் உரசல்கள் பதிவாகாது. ஒரே செயலியில் நிறுத்தி வைக்கும் கைடட் ஆக்சஸ் வசதியில் ஓரங்களை வட்டமிட்டு முடக்கலாம். சாம்சங் டேப்லெட்டிலும் தொடுதல் நேரத்தை மாற்றலாம். ஆனால் ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் பின்னிங் வசதி, செயலியை விட்டு வெளியேறுவதை மட்டுமே தடுக்கும், ஓரங்களை முடக்காது. அதனால் ஓரத்தில் விளம்பரம் வரும் இலவசச் செயலிகள் வேண்டவே வேண்டாம்.

டேப்லெட்டைச் சாய்த்து நிறுத்தி, ஜன்னல் வெளிச்சம் படாமல், குழந்தை பார்க்கும்வரை பேசாமல் காத்திருக்கிறோம். அந்தப் பக்கம் சரியாகவே போகிறது.

இணையம் இல்லாமல் ஓடுவதாகவும், அம்மாவின் குரலைப் பதிந்து ஒலியாக வைக்கக்கூடியதாகவும் ஏதாவது இருக்கிறதா? பயன்படுத்திய சிறப்பாசிரியர்கள், பெற்றோர்கள் செயலியின் பெயரோடு டேப்லெட் மாடலையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவி.