தானே புயல்ல சாஞ்ச பலா, ஊஞ்சல் பலகை: தேங்காண்ணெயா, லின்சீடா, பி.யூ.வா?

கொல்லப்பலா:
வணக்கம் எல்லாருக்கும். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல பண்ருட்டி பக்கம் எங்க கொல்லையில சாஞ்ச பலாமரத்த அப்பா அறுத்து பலகையா போட்டு மாட்டுக்கொட்டாய் பரண்ல வச்சிருந்தாரு, வித்துடலாம்னு எத்தன பேரு சொல்லியும் குடுக்கல. இப்ப பாண்டி ரெயின்போ நகர்ல வீடு, தாழ்வாரத்துல ஊஞ்சல் மாட்டலாம்னு ஆசாரிகிட்ட குடுத்து இழைச்சாச்சு, அஞ்சடி நீளம் ஒன்றரை அடி அகலம், பிஞ்சு மஞ்சக்கிழங்கு ஒடச்ச மாதிரி கலரு. ஆசாரி மெலமைன் பாலிஷ் இல்லன்னா பி.யூ. (பாலியூரிதேன், மரத்து மேல பிளாஸ்டிக் படலமா நிக்கற பூச்சு) அடிச்சிடுங்கன்றாரு. எனக்கு மரம் பிளாஸ்டிக் மாதிரி ஆகறது புடிக்கல. எங்க ஆயா பொங்கலுக்கு பொங்கல் வாசக்கதவுக்கு தேங்காண்ணெய் போட்டு தொடைக்கும், அந்த கதவு இன்னும் பளபளன்னு இருக்கு. அதையே நம்பி ஒரு கிண்ணம் எண்ணெய ஊத்தி தேச்சிட்டேன். ஒம்போது நாள் கழிச்சு மாமனார் வெள்ளை வேட்டியோட உக்காந்து எந்திரிச்சாரு, பின்னாடி பூசணிக்கா ரெண்டா பொளந்த மாதிரி கறை. வீட்ல இன்னும் பேச்சு ஓயல. என்னதான் பண்றது?

மரத்தூள்:
தேங்காண்ணெய் காயாது தலைவா. ஒம்போது நாள் இல்ல, ஒம்போது மாசம் ஆனாலும் அப்படியேதான் இருக்கும். மரத்துக்கு போடுற எண்ணெய் தண்ணி மாதிரி ஆவியாகி காயறது இல்ல, காத்துல இருக்கற ஆக்சிஜன இழுத்துகிட்டு அதுவே இறுகி தோலு மாதிரி ஆகணும். எல்லா எண்ணெயும் அப்படி ஆகாது. அயோடின் எண்ணுன்னு ஒரு கணக்கு இருக்கு, அது எவ்ளோ கூடவோ அவ்ளோ சீக்கிரம் இறுகும். தேங்காண்ணெய் 10 கிட்ட, விளக்கெண்ணெய் 85 கிட்ட, நல்லெண்ணெய் 110 கிட்ட, ஆளிவிதை எண்ணெய் 170-க்கு மேல. அதனாலதான் இந்த நாலுல அது மட்டும் மரத்துக்கு. புதுசா ஒண்ணும் சொல்லல, ஸ்கூல் படிக்கும்போது கிரிக்கெட் பேட்டுக்கு லின்சீட் ஆயில் தேச்சு வெயில்ல வச்சோமே, அதே எண்ணெய்தான்.

முத்தியால்பேட்டை அக்கா:
அப்ப அவங்க ஆயா முட்டாளா தம்பி? எங்க மாமியார் வீட்டு தேக்குக் கதவு வச்சு எழுவது வருஷத்துக்கு மேல ஆச்சு, தேங்காண்ணெய தவிர ஒண்ணும் பட்டதில்ல, வந்து பாருங்க, மொகம் தெரியும். நீங்க படிச்சத வச்சு சொல்றீங்க, நாங்க கண்ணால பாத்தத சொல்றோம். இவரு ஒரு கிண்ணம் ஊத்தினதுதான் தப்பு. நாங்க பழைய காட்டன் பொடவைல நாலு சொட்டு விட்டு கை வலிக்க தேய்ப்போம், அப்புறம் வேற துணில எண்ணெய் பசையே இல்லாம தொடைப்போம்.

மரத்தூள்:
அக்கா கோச்சுக்காதீங்க, ஆயாவ ஒண்ணும் சொல்லல. தேக்குலயே எண்ணெய் இருக்கு, எழுவது வருஷம் கை பட்டு பட்டு அது தானா மெருகு ஏறியிருக்கு, அந்த பளபளப்புல பாதி உங்க மாமியார் கை, பாதி மரம். தேங்காண்ணெய் அழுக்க எடுத்துச்சு, ஈரம் உள்ள போறத கொஞ்சம் தள்ளிப்போட்டுச்சு, அவ்ளோதான். கதவுமேல யாரும் உக்கார மாட்டாங்க, ஊஞ்சல்ல உக்காருவாங்க. வித்தியாசம் அங்கதான் இருக்கு.

முத்தியால்பேட்டை அக்கா:
கை பட்டு மெருகு ஏறுதுன்னு சொன்னீங்கல்ல, அத ஒத்துக்கறேன். ஆனா ஆளிவிதை நம்ம ஊரு பழக்கம் இல்லியே.

மரத்தூள்:
நம்ம ஊரு பெயின்டருங்க சாக்பவுடரையும் லின்சீடையும் கொழச்சு மக்கு வைப்பாங்களே, ஜன்னல் கண்ணாடிக்கு ஓரம் கட்டுற புட்டி அதானே. பழைய வீட்டு ஜன்னல்ல சொரண்டி பாருங்க, கல்லு மாதிரி இருக்கும்.

பாலிஷ் பட்டறை:
நடுவுல வரேன். நான் இருவது வருஷமா பாலிஷ் வேலை பாக்கறேன், கடலூர் மஞ்சக்குப்பத்துல. எண்ணெய் எண்ணெய்னு பேசறவங்க யாரும் கடலுக்கு மூணு கிலோமீட்டர்ல வீடு வச்சுகிட்டு அஞ்சு வருஷம் கழிச்சு போட்டோ போட மாட்டாங்க. உப்புக் காத்து, ஐப்பசி கார்த்திகைல சாரல், தண்ணி பட்டு பட்டு எண்ணெய் போட்ட பலகைல கரும்புள்ளியா பூஞ்ச புடிக்கும், லின்சீட்ல அது ஜாஸ்தி. அப்புறம் டம்ளர் வட்டம். காபி டம்ளர வச்சா வெள்ளையா ஒரு வளையம். பி.யூ. ரெண்டு கோட்டு அடிச்சிட்டா தொடச்சுட்டு போயிகிட்டே இருக்கலாம். வருஷா வருஷம் துணிய எடுத்துகிட்டு ஒக்காந்து தேய்க்க யாருக்கு நேரம் இருக்கு?

மரத்தூள்:
அண்ணே உங்க தொழிலே அதானே, நீங்க அப்படித்தான் சொல்வீங்க :)
பூஞ்ச விஷயம் உண்மை, மறுக்கல. ஆனா வெயில் நேரா விழற கதவுல உங்க பி.யூ. நாலாவது வருஷம் என்ன ஆகுதுன்னும் சொல்லணும்ல. வெடிச்சு, அந்த வெடிப்புல தண்ணி பூந்து, அம்ம போட்ட தோலு மாதிரி உரியும். அப்ப முழுக் கதவையும் சொரண்டணும், நடுவுல மட்டும் ஒட்டுப்போட முடியாது. எண்ணெய்னா எங்க வெளுத்துச்சோ அங்க மட்டும் ஒரு தேய்ப்பு.

பாலிஷ் பட்டறை:
உரியறது மலிவு சரக்கு அடிச்சா. வெளி கதவுக்கு வெளிக்குன்னே இருக்கற பி.யூ. அடிக்கணும், பார்ட்டி காசு கம்மி பண்ண சொல்வாரு, நாங்களும் உள்ளுக்குள்ளது அடிச்சுட்டு வருவோம். நானும் பண்ணிருக்கேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா லின்சீடும் வெயில தாங்காது, சாம்பலா வெளுத்துடும், அதையும் எழுதுங்க.

மரத்தூள்:
எழுதிட்டீங்களே. இவரு தாழ்வாரம், நேர் வெயில் இல்ல, சாரல் எப்பவாவது. அதனாலதான் எண்ணெய்னு சொல்றேன், மொட்டைமாடி பெஞ்சுன்னா நானே உங்ககிட்ட அனுப்பிருப்பேன்.

தேவனாம்பட்டினம்:
எல்லாரும் பக்கத்துல இருக்கறத விட்டுட்டீங்க. பண்ருட்டி கொட்டை ஆலைல முந்திரி ஓட்டு எண்ணெய் கிடைக்கும். எங்க தாத்தா காலத்துல மரத்துல படகு கட்டுனப்ப அதத்தான் பூசுவாங்க, கரையான் கிட்ட வராது, கடல் தண்ணிலயே நிக்கும். இப்ப எல்லாம் பைபர் ஆயிடுச்சு, யாருக்கும் ஞாபகம் இல்ல.

உப்பனாறு:
அய்யோ ஊஞ்சலுக்கா? கொட்டை ஒடைக்கிற பொம்பளைங்க கையப் பாத்தது இல்லியா, சாம்பல் தொட்டுகிட்டுதான் ஒடைப்பாங்க, அப்பயும் தோலு கருகி உரியும். மாமனாருக்கு வேட்டி மட்டும் இல்ல, மத்ததும் போயிடும். வேலிக்கால், மண்ணுல பொதைக்கிற கம்பம், அதுக்கு ஓகே.

தேவனாம்பட்டினம்:
இன்னா சார், சரி விடுங்க. கருப்பாவும் ஆயிடும், அது உண்மை. மஞ்சக் கலர் வேணும்னா வேணாம்.

உப்பனாறு:
நான் வந்ததே வேற ஒண்ணு சொல்ல. லின்சீட் தேச்ச துணிய சுருட்டி வைக்காதீங்க!!! எண்ணெய் இறுகும்போது சூடு வரும், பலகைல பரவி இருந்தா காத்துல போயிடும், துணி உருண்டைக்குள்ள மாட்டிகிட்டா ஏறிகிட்டே போயி தானா பத்திக்கும், தீப்பெட்டியே வேணாம். 1991-ல அமெரிக்கால பிலடெல்பியால ஒன் மெரிடியன் பிளாசான்னு 38 மாடி கட்டடம் எரிஞ்சதுக்கு காரணமே லின்சீட் துணிங்கதான், மூணு தீயணைப்பு வீரர் செத்துப்போனாங்க. அதெல்லாம் தூரத்து கதைன்னு நெனச்சேன். போன சித்திரைல நிலைக்கதவு தேச்சுட்டு பனியன் வேஸ்ட்ட பிளாஸ்டிக் பக்கெட்ல அமுக்கி மொட்டைமாடி படிக்கட்டுக்கு கீழ வச்சுட்டு சாப்பிட போனேன். மூணு மணி வாக்குல கருவாடு தீயற மாதிரி ஒரு வாடை. பக்கத்து வீட்டு சமையல்னு நெனச்சு படுத்துட்டேன். வீட்டுக்காரி மாடிக்கு துணி எடுக்க போயி கத்துனா. உருண்டைய கம்பியால பிரிச்சா நடுவுல பழுப்பா, தொட முடியல, பக்கெட் அடி இளகி வளைஞ்சு போச்சு. தண்ணி ஊத்தினோம், சொய்ங்னு சத்தம். இப்பல்லாம் துணிய கொடில ஒத்தையா விரிச்சு போட்டு வெறப்பா காஞ்சப்புறம்தான் குப்பைக்கு.

கொல்லப்பலா:
பயமுறுத்திட்டீங்க. சரி லின்சீட்னே வச்சுக்குவோம், ஏற்கனவே குடிச்சிருக்கற தேங்காண்ணெய என்ன பண்றது? கடைல டபுள் பாயில்டுன்றான், ரா-ன்றான், டங் ஆயில்னு ஒருத்தர் சொன்னாரு, தலை சுத்துது.

மரத்தூள்:
மொதல்ல சாக்பவுடர கனமா கொட்டி ராத்திரி பூரா விடுங்க, உறிஞ்சும். தட்டிட்டு டர்பன்டைன்ல துணிய நனச்சு மூணு நாலு தடவ தொடைங்க, ஒவ்வொரு தடவையும் துணிய மாத்துங்க. அப்பயும் உள்ள இருக்கும், அதனால ஆசாரிய கெஞ்சி ஒரு முடி கனத்துக்கு மறுபடி இழைக்க சொல்லுங்க. அப்புறம் உப்புத்தாள் 120, 180, 220, நாரு வாக்குலயே, குறுக்க போட்டா கீறல் எண்ணெய் பட்டதும் பல்ல இளிக்கும்.

டபுள் பாயில்டுன்னா வெறும் கொதிக்க வச்சது இல்ல, சீக்கிரம் காய ட்ரையர் கலந்தது, ரெண்டு மூணு நாள்ல காயும். ரா வாரக்கணக்குல இழுக்கும். டங் ஆயில் சீன மரத்து கொட்டைலேந்து வர்றது, தண்ணி நல்லா தாங்கும், மஞ்சளும் கம்மியா அடிக்கும், ஆனா வெல. ஊஞ்சலுக்கு டபுள் பாயில்டு போதும். கடைல வாங்கினதும் ஒரு சொட்டு கண்ணாடி மேல தடவி வெயில்ல வைங்க, நாலு நாள் கழிச்சும் கொழகொழன்னு இருந்தா கலப்படம், எனக்கு ஒரு தடவ அப்படித்தான் மாட்டுச்சு.

மொத கோட்டு மட்டும் பாதிக்கு பாதி டர்பன்டைன். தாராளமா தடவி இருவது நிமிஷம் விட்டுட்டு, மரம் குடிக்காம மேல நிக்கறத சுத்தமா தொடச்சிடணும், அக்கா சொன்னாங்களே பசையே இல்லாமன்னு, அதே மாதிரி. இங்கதான் எல்லாரும் கோட்ட விடறாங்க, கனமா விட்டா ஷைனிங் வரும்னு நெனச்சு விட்டுட்டு பிசுபிசுன்னு ஆனதும் எண்ணெய திட்டுவாங்க. பலகை ரெண்டு தலைமாட்டுலயும் ஜாஸ்தி குடிக்கும், அங்க ரெண்டு மூணு தடவ. அப்புறம் மெலிசா மூணு கோட்டு, நடுவுல நல்லா காயணும். கடைசியா தேன்மெழுகு, விருப்பம் இருந்தா. இப்ப ஐப்பசி, தொடாதீங்க, ஈரத்துல காயவே காயாது. தை பொறக்கட்டும்.

முத்தியால்பேட்டை அக்கா:
காய் நறுக்குற பலகைக்கும் இதேவா?

மரத்தூள்:
ட்ரையர் கலந்தது வேணாம் அக்கா. மெடிக்கல்ல லிக்விட் பாரபின் கிடைக்கும், அது போதும். காயாது, கழுவ கழுவ திரும்ப தடவணும், இயற்கையும் இல்ல, பெட்ரோல் வகைதான். உங்க தேங்காண்ணெய் போட்டாலும் போடலாம், கொஞ்ச நாள்ல சிக்கு வாடை வரும்.

கொல்லப்பலா:
மாசி மாசம் வந்து எழுதறேன். நடுவுல ஃபெஞ்சல் புயல் வந்து எங்க தெருவுல மொழங்கால் தண்ணி, பிரிட்ஜ விட்டுட்டு பலகைய மாடிக்கு தூக்கினேன்னு அதுக்கும் வீட்ல தனி பேச்சு. நாலு கோட்டு முடிஞ்சுது. வெள்ளை கைக்குட்டைய வச்சு அமுக்கி பாத்தேன், ஒண்ணும் ஒட்டல. ஆனா ஒரு குறை, அந்த மஞ்சக் கலர் போச்சு, நாட்டு வெல்லம் மாதிரி ஆயிடுச்சு. இது யாரும் சொல்லலியே?

பாலிஷ் பட்டறை:
பலா எதுவும் போடலன்னாலும் வெளிச்சம் பட்டு கருக்கும், லின்சீட் அத சீக்கிரமாக்கிடுச்சு. தண்ணில கலக்கற பி.யூ. அடிச்சிருந்தா இன்னும் கொஞ்ச வருஷம் மஞ்சளா நின்னிருக்கும். நான் சொன்னேன்.

மரத்தூள்:
அத சொல்லாதது என் தப்பு. ஆனா வெல்லக் கலர் நல்லாத்தான் இருக்கும், போட்டோ போடுங்க.

கொல்லப்பலா:
போடறேன். மாமனார் உக்காரும்போது இன்னும் துண்ட விரிச்சுதான் உக்காராரு. இன்னொரு கேள்வி, அரை டின் மீதி இருக்கு, மேல ஆடை கட்டுது.

உப்பனாறு:
உள்ள காத்து இருக்குல்ல, அதான். கோலிக்குண்டு போடுங்க, எண்ணெய் மட்டம் மூடி வரைக்கும் ஏறணும்.

கொல்லப்பலா:
கோலிக்குண்டு இப்ப எங்க சார் விக்கறான்?

முத்தியால்பேட்டை அக்கா:
எங்க வீட்ல ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கு, வந்து எடுத்துக்கோங்க. கதவையும் பாத்துட்டு போங்க.